என் பெயரில் நீ கொடுத்த மன்னிப்பு

அன்புள்ள தம்பி,

நீ மாடியில் இருக்கிறாய். நான் கீழே அடுப்படி மேசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நமக்கு நடுவில் பதினாறு படிதான் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து நாம் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்பிட வா", "தண்ணி சுட்டுட்டு, குளி" என்ற அளவுக்குத்தான். இன்றைக்குச் செவ்வாய். வியாழக்கிழமை உனக்கும் எஸ்தருக்கும் கல்யாணம். பந்தல்காரர் வாசலில் கம்பு நடுகிறார், வெளியே சாரல் பிடித்துக்கொண்டிருக்கிறது, குற்றாலத்துக்குப் போகிற வேன் எல்லாம் நம் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. நேரில் பேசினால் நீ பாதியில் "நல்லதுக்குத்தானம்மா" என்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வேண்டியது விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. எஸ்தர் படிக்கட்டும். நம் சபை ஐயரிடம் காட்ட வேண்டுமானால் அதையும் செய். மூடி மூடி வைத்துத்தான் இந்தக் குடும்பம் இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். முதலில் அதை எழுதிவிடுகிறேன். உன் அப்பா போன பிறகு இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் சொல்வதை நான் திருப்பிக் கேட்காமல் நம்பினேன் என்றால் அது நீதான். ஆஸ்பத்திரி லேபில் இருபத்தெட்டு வருஷம் இரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தவள் நான். டாக்டரே சொன்னாலும் கண்ணால் பார்க்காததை எழுதமாட்டேன் என்று எனக்கு அங்கே பெயர். அப்படிப்பட்டவளை நீ பத்து நிமிஷத்தில் நம்ப வைத்தாய்.

எஸ்தருக்குப் பழைய கதை முழுதும் தெரியாது என்று நினைக்கிறேன். உனக்கே அரைகுறையாகத்தான் தெரியும், அப்போது உனக்கு எட்டு வயது. ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா டிரில் மாஸ்டர். உன் மாமா, அதாவது என் கூடப்பிறந்த அண்ணன், அதே பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். ஒரு சீசன் சமயம், வெள்ளிக்கிழமை மத்தியானம், அண்ணன் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அன்றைக்கு நான் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்திருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அருவிக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள் என்று உன் அப்பா பேச்சை எடுத்தார். அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "கூட்டிட்டுப் போங்க மாப்ள, திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார். நான் கரண்டியோடு பக்கத்தில் நின்றேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

மறுநாள் ஐந்தருவியில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தபோது மலையில் எங்கோ மழை கொட்டி, தண்ணீர் கலங்கி இறங்கியது. உன் அப்பா விசில் அடித்து அத்தனை பேரையும் கரையேற்றிவிட்டார். ஒரு பெண்பிள்ளை மட்டும் பாறையில் வழுக்கி விழுந்து கை ஒடிந்துபோனது. எலும்பு கூடிய பிறகும் அந்தக் கை கோணலாகத்தான் நின்றது. பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? விசாரணை வைத்தார்கள். தாளாளர் கேட்டதற்கு உன் மாமா, "எனக்குத் தெரியாது. என்கிட்டச் சொல்லாமக் கூட்டிட்டுப் போயிருக்காரு" என்று எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை போட வேண்டிய கையெழுத்து போடாமலே போயிற்று.

நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று சேலையை மாற்றிக்கொண்டு நின்றேன். உன் அப்பாதான் கதவை மறித்தார். "வேண்டாம்ட்டி. உங்க அண்ணன் பேர உன் வாயால கெடுக்க வேண்டாம். எப்படிப் பாத்தாலும் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனது நாந்தானே" என்றார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தால் வழக்குக் கிடையாது என்று சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. சீசனுக்கு வருகிற பழைய பிள்ளைகள், "சார், நீங்களா!" என்று திகைத்து நிற்பார்களாம். அவர் சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொல்வார், நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். சமாதானம் பண்ணுகிறவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்கு அவர் என்ன கொடுத்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் வந்த முதல் திருவிருந்து ஞாயிறு, கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற நாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் எழுந்து பலிபீடத்துக் கிராதிக்கு முன்னால் முழங்கால் போடப் போனார்கள். உன் அப்பா போய் என் அண்ணன் பக்கத்திலேயே முழங்கால் போட்டார். நான் எழும்பவில்லை. சகோதரன்மேல் மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இருந்தது மனத்தாங்கல் இல்லை, கொதிப்பு. அந்தக் கொதிப்போடு அப்பத்துக்குக் கை நீட்ட என்னால் முடியவில்லை. அதனால் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி, என் பெஞ்சில் இருந்தவர்களுக்கு வழிவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது பத்தொன்பது வருஷம் நீண்டுவிட்டது.

இதைப் பிடிவாதம் என்றார்கள், கல்மனசு என்றார்கள். சபைக்குப் புதிதாக வந்த ஒரு அம்மா, "நீங்க இன்னும் திடப்படுத்தல் எடுக்கலையா?" என்று, முதல் பந்திக்கு முன்னால் பிள்ளைகள் எடுப்பதைப் பற்றி என்னிடம் கேட்டாள். நான் அவளுக்கே ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிற வயதுக்காரி! ஆறு ஐயர்மார் மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்த முதல் மாதமே நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் டீ போட்டுக் கொடுப்பேன், அவர்கள் மன்னிப்பைப் பற்றிச் சொல்வார்கள், நான் கேட்டுக்கொள்வேன், அவர்கள் கப்பை வைத்துவிட்டு ஜெபம் பண்ணிப் போவார்கள். யாரும் என்னைப் பந்திக்கு வராதே என்று தடுக்கவில்லை. நானாக விட்டுக்கொடுத்தது அது. எனக்கு அந்த அப்பத்தின்மேல் ஆசை இல்லை என்று நினைத்தாயா? ஒவ்வொரு முதல் ஞாயிறும் எச்சிலை முழுங்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். மன்னித்ததுபோல் நடிக்கக்கூடாது என்பதற்காகப் பட்டினி கிடந்தேன். என்னிடம் நேர்மையாக இருந்தது அந்த ஒன்றுதான்.

பெரிய பையனான பிறகு உனக்கு அது வெட்கமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். நீ முன் பெஞ்சுக்கு மாறிப் போய் உட்கார ஆரம்பித்தாய். கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றும் வாசித்து முடிகிற ஞாயிறு, பெண்ணும் மாப்பிள்ளையும் பெற்றவர்களோடு சேர்ந்து முழங்கால் போட வேண்டும் என்பது நம் கோயிலில் வழக்கம். அந்த வழக்கத்தை நினைத்துத்தான் நீ பயந்திருக்கிறாய். எஸ்தர் வீட்டார் முன்னால் உன் அம்மா பெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருப்பாளே என்று. அந்தப் பயத்தை என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே தம்பி. நான் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், என்னவாவது நடந்திருக்கும். நீ சொல்லவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் நீ, மாமா ஓய்வுபெற்றுக் குடிபோன இலஞ்சிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாய். தலை நனைந்திருந்தது, துவட்டிக்கூடக் கொள்ளாமல் இதே அடுப்படியில் தரையில் உட்கார்ந்தாய். "எம்மா, மாமா எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாவ. 'நாந்தாம்லே போகச் சொன்னேன், உங்கப்பா மேல பழியப் போட்டுட்டேன்'னு சொல்லி அழுதாவ. உங்கிட்ட நேர்ல சொல்லத் தைரியம் இல்லையாம்" என்றாய். நான் கையில் இருந்த தேங்காய் மூடியை வைத்துவிட்டேன். "இதே வார்த்தையாலே சொன்னாரு?" என்று கேட்டேன். "ஆமாம்மா, இதே வார்த்தை." மறுபடி கேட்டேன். மறுபடியும் ஆமாம் என்றாய். அப்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாய். லேபில் ஓர் எண் சந்தேகமாக வந்தால் இரண்டாம் முறை இரத்தம் எடுப்பேன். என் பிள்ளையிடம் அதைச் செய்யத் தோன்றவில்லை.

நீ வெளியே போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணன் ஒத்துக்கிட்டாராம். கேட்டேரா?" என்று வாய்விட்டுச் சொன்னேன். பத்தொன்பது வருஷமாக எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அந்த வார்த்தையைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அவரிடம் சொல்லி அழுதேன். செத்துப்போன மனுஷனிடம் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய். மற்றதையெல்லாம்விட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பினேன். என் பெஞ்சுக்காரர்கள் வழக்கம்போல் நான் ஒதுங்குவேன் என்று நின்றார்கள், நான் முன்னால் நடந்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை கிராதிக் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். உன் பக்கத்தில் முழங்கால் போட்டேன். இந்தப் பக்கம் யாரோ வந்து மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குகிறார் என்று பார்த்தால் உன் மாமா. இலஞ்சிக் கோயிலை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார். ஊன்றுகோலைத் தரையில் வைத்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஒத்துக்கொண்ட மனுஷன், எவ்வளவு கஷ்டப்பட்டு ஒத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஐயர் அப்பத்தைக் கையில் வைத்தார். வாங்கினேன். கிண்ணம் வந்தது, குடித்தேன். உள்ளே எல்லாம் லேசாகிப்போன மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

அந்த லேசு அரை மணி நேரம்தான் நின்றது. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் அண்ணன் என்னிடம் வந்தார். "ஏட்டி, நீ பெரிய மனசுக்காரி. பழசக் கிளறாம நீ மன்னிச்சிட்டன்னு மருமகன் வந்து சொன்னான். எனக்கும் மனசுல ஒண்ணுமில்ல" என்றார். எனக்குப் புரியவில்லை. "நீங்க ஒத்துக்கிட்டதும் பெரிய காரியம்தான் அண்ணே" என்றேன். "நான் என்னத்த ஒத்துக்கிட்டேன்? கல்யாணத்துக்கு வாரேன்னுதானே சொன்னேன்" என்றார். நீ அப்போது எஸ்தர் வீட்டாருக்குக் கலர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாய். நீ கையில் பாட்டிலோடு அப்படியே நின்றதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அவரிடம் போய் நான் மன்னித்துவிட்டேன் என்றாய். என்னிடம் வந்து அவர் ஒத்துக்கொண்டார் என்றாய். இரண்டு பேருக்கும் பிடித்ததை இரண்டு பேருக்கும் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து கேட்டபோது, "நல்லதுக்குத்தானம்மா. ரெண்டு பேருக்கும் வயசாயிட்டு. யாராவது ஒரு ஆளு ஒரு அடி எடுத்து வைக்கணும்லா" என்றாய். நான் எங்கே அடி எடுத்து வைத்தேன்? என் காலைத் தூக்கி நீதான் வைத்தாய். பத்தொன்பது வருஷம் பொய்யாகப் போகக்கூடாது என்று நான் விலகியிருந்த இடத்துக்கு, ஒரு பொய்யைச் சொல்லியே என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். மன்னிப்பு என் கையில் இருந்த ஒரே பொருள் தம்பி. அதைக் கொடுப்பதும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கடவுளிடம் கேள்வி கேட்கப்படுவதும் என் பாடு. என்னைக் கேட்காமல் என் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்ததுபோல் கொடுத்துவிட்டாய்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவள், நீ கெட்டவன் என்று கடிதம் முடிந்துவிடும். இரண்டு நாளாக அப்படித்தான் மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கணக்கிலும் உண்டு. நம் கோயில்பிள்ளைக்குச் சர்க்கரை இருப்பது முதலில் தெரிந்தது என் லேபில்தான். அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயந்துருவாவ அக்கா, கொஞ்சமாத்தான் இருக்குன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினாள். தாளில் சரியாகத்தான் எழுதினேன், ஆனால் வாயால், "லேசா இருக்கு, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் தாளை எங்கே படித்தார்! என் வாயைத்தான் நம்பினார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு, அதிரசம், கேக் எதையும் விடவில்லை. அடுத்த ஈஸ்டருக்குள் கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் மணி அடிக்கப் போகும்போது காலைப் பார்க்காமல் இருக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அடுத்தது உன் கண் முன்னால் நடந்தது. உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. சாயங்காலம் நான்கு மணி இருக்கும், ஜன்னல் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்து நீ பன் தின்றுகொண்டிருந்தாய். அவர் என் கையைப் பிடித்து, "உங்க அண்ணன மன்னிச்சிரு. எனக்காகவாவது" என்றார். நான் உடனே, "மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன், பேசாமப் படுங்க" என்றேன். அவர் முகம் தெளிந்தது. மறுநாள் போய்விட்டார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் எழும்பாமல் உட்கார்ந்திருந்தேன், நீ உன் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாய். என்ன பார்வை அது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அம்மா அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? ஒருத்தரை நிம்மதியாக்க ஒரு பொய் போதும் என்பதை நீ வேறெங்கும் போய்ப் படிக்கவில்லை. என்னிடம்தான் படித்தாய். இதை எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை.

அண்ணி இறந்தபோதும் நான் இலஞ்சிக்குப் போனேன். வாசல் வரைக்கும் போய், உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதும், பந்தலுக்கு வெளியே நின்று திரும்பி வந்துவிட்டேன். அண்ணி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நீ பிறந்தபோது என் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். அண்ணன்மேல் இருந்த கோபத்தை அவள்மேலும் கொட்டினேன். இதற்கு நான் இன்னும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆகவே உனக்கு நான் சொல்வதை, ஒன்றும் தெரியாத உத்தமி சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பட்டவள் சொல்கிறேன். எஸ்தர் இந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் அவளுக்கும் சண்டை வரும். வராமல் இருக்காது, எனக்கு வாய் ஜாஸ்தி, அவளும் லேசுப்பட்டவளாகத் தெரியவில்லை. அப்போது அவள் சொன்னதில் சர்க்கரை போட்டு என்னிடம் கொண்டுவராதே, நான் சொன்னதைப் பஞ்சில் சுற்றி அவளிடம் கொடுக்காதே. எங்கள் இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு நீயும் கூட உட்காரு. கேட்க அசிங்கமாக இருக்கும், உனக்கு எழுந்து ஓடத் தோன்றும். ஓடாதே. சமாதானம் பண்ணுவதில் உனக்கு நஷ்டம் அதுதான், அந்த அறையில் உட்கார்ந்திருப்பது. உன் அப்பாவும் அதைச் செய்யவில்லை. அண்ணன் தங்கை எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச விடாமல், தன் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார். அவர் கொடுத்தது பெரிய தியாகம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் என் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு என்பதை இன்றைக்குத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

இன்று காலையில் நீ துணி எடுக்கப் போயிருந்தபோது நான் டவுன் பஸ் ஏறி இலஞ்சிக்குப் போனேன். மேலகரம் தாண்டுவதற்குள் அரை மணி நேரம், அவ்வளவு கூட்டம். பஸ்ஸில் எல்லோரும் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக இருந்தார்கள், நான் மட்டும் கோயில் சேலையில். அண்ணன் வீட்டு முன்னறையில் தனியாக உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"நான் உங்கள மன்னிக்கல அண்ணே. அவன் உங்ககிட்ட பொய் சொல்லிருக்கான். என்கிட்டயும் பொய் சொல்லிருக்கான். அது தெரியாம முழங்கால் போட்டுட்டேன்."

"தெரியும்ட்டி" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ மன்னிச்சிருந்தா நீயே வந்திருப்ப. ஆள் விட மாட்ட."

"தெரிஞ்சுக்கிட்டா வந்து என் பக்கத்துல முழங்கால் போட்டீங்க?"

அவர் பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். "உன் பக்கத்துல இருந்து எத்தன வருசமாச்சு. கிடைச்சத விடக்கூடாதுன்னு வந்துட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவரும் சேர்ந்துதானே ஏமாற்றியிருக்கிறார். திரும்பி நடக்கலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போது அவர் பின்னாலிருந்து, "அன்னைக்கு நீ சொதி வச்சிருந்த" என்றார். நான் நின்றேன். "ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டேன்."

"பொறவு என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தென்னையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. பிறகு சொன்னார். "கூட்டிட்டுப் போங்க மாப்ள, திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடுதேன்னேன்."

ஒரு வார்த்தை மாறவில்லை தம்பி. பத்தொன்பது வருஷமாக அவரும் அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார். "பொறவு ஏன் மாத்துனீங்க?" என்றேன். "பயந்துட்டேன்ட்டி. ஓய்வுபெற நாலு வருசம்தான் இருந்துச்சு. மாப்ள எதுத்துப் பேச மாட்டாருன்னு தெரியும்" என்றார்.

உன் கதையில் வருவதுபோல் அவர் விழுந்து அழவில்லை. நானும் அவர் கையைப் பிடிக்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் மனசு ஆறிவிடும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஆறவில்லை. கோபம் இன்னும் ஏறியது. எதிர்த்துப் பேச மாட்டார் என்று தெரிந்துகொண்டே செய்திருக்கிறார்! "மன்னிச்சிரு" என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுக்க என்னிடம் இன்றைக்கு இல்லை. ஆனால் நான் உட்கார்ந்தேன். அண்ணி படத்துக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சாவுக்கு வாசலோடு திரும்பிப் போனதைச் சொன்னேன். "பாத்தேன். ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். அவரே தட்டுத்தடுமாறி அடுக்களைக்குப் போய்க் கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சீனி போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தேன்.

உன் பொய் பலித்துவிட்டது, கடைசியில் மாமா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சந்தோஷப்படாதே. நீ செய்ததால் வந்தது இல்லை இது. மன்னிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே போய்ச் சொன்ன பிறகு வந்தது. கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்து, "கல்யாணத்தன்னைக்கும் திருவிருந்து உண்டுன்னு மருமகன் சொன்னான். நான் எழும்பப் போறதில்ல. நீ?" என்று கேட்டார். "நானும்தான்" என்றேன். "அப்ப எங்கன உக்காருத?" என்றார். எப்போதும் உட்காருகிற இடத்தைச் சொன்னேன்.

நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை மன்னித்துவிட்டேனா என்று. மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கல்யாண வீடு, பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறது, ஒரு வரிதானே என்று கை போகிறது. உன் அப்பாவிடம் அப்படித்தான் வாய் போயிற்று. இந்தத் தடவை எழுதமாட்டேன். வரும்போது ஆள் விடாமல் நானே இந்தப் பதினாறு படியையும் ஏறி வந்து சொல்வேன். என் மூட்டு இருக்கிற இருப்புக்கு நான் மாடி ஏறினால் உனக்கு நாலாவது படியிலேயே கேட்டுவிடும். அது கல்யாணத்துக்கு முன்னாலா, உனக்குப் பிள்ளை பிறந்த பிறகா, எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் உனக்குச் சோறு போடுவேன், உன் சட்டையைத் தேய்த்து வைப்பேன், எஸ்தரை வாசலில் முத்தம் கொடுத்து உள்ளே அழைப்பேன். அதில் ஒன்றும் நடிப்பு இருக்காது.

ஓர் உதவி மட்டும் செய். யார் எந்தப் பெஞ்சில் என்று நீ எழுதி வைத்திருக்கிற தாளில் என்னை முதல் பெஞ்சில் போட்டிருக்கிறாய், மாமாவைப் பெரியவர்களோடு நாலாவதில் போட்டிருக்கிறாய். இரண்டையும் அடித்துவிடு. இடது பக்கம் ஏழாவது பெஞ்சில், நடைபாதை ஓரம், எனக்குப் பக்கத்தில் ஓர் இடம் விடு, ஊன்றுகோலைச் சாய்த்து வைக்கச் சுவர் வேண்டாம், நான் பிடித்துக்கொள்வேன். திருவிருந்து நேரத்தில் நீ எஸ்தரோடு முன்னால் முழங்கால் போட்டிருப்பாய். பின்னால் என்ன நடக்கிறதோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காதே. எல்லோரும் எழுந்து பந்திக்குப் போவார்கள். அண்ணனும் நானும் முழங்காலை ஒதுக்கி அவர்களுக்கு வழிவிடுவோம்.

உன் அம்மா